எண்ணெய் மாறும்போது வடிகட்டியும் மாற வேண்டுமா?

காரின் எஞ்சின் எண்ணெயை மாற்றுவதற்காகப் பட்டறைக்குச் செல்கிறீர்கள். பழைய எண்ணெய் கன்னங்கரேலென்று வடிந்து தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது. அப்போது மெக்கானிக் கேட்கிறார்: "ஃபில்டரையும் மாத்திடலாமா சார், இல்ல அடுத்த தடவை பாத்துக்கலாமா?" மாற்றினால் செலவு. மாற்றாமல் விட்டால், சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே கெடுத்துக்கொள்வோமோ என்று அச்சம். என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு வயது நூறு ஆகிறது. வேடிக்கை என்னவென்றால், கார் செய்தவர்களும் எண்ணெய் விற்றவர்களும் காலத்துக்குக் காலம் இதற்கு வெவ்வேறு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். 'வடிகட்டியை மாற்று, எண்ணெயைத் தொடாதே' என்றது ஒரு காலம். 'எண்ணெயை மாற்று, வடிகட்டியை ஒரு முறை விட்டு மறுமுறை மாற்று' என்றது மற்றொரு காலம். 'இரண்டையும் சேர்த்தே மாற்று' என்பது இன்று பெரும்பாலோர் சொல்வது. இவர்களுள் யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணெயும் மாறியது, வடிகட்டியும் மாறியது, வடிகட்டி செய்யும் வேலையும் மாறியது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், மெக்கானிக்குக்கு என்ன சொல்வது என்பது உங்களுக்கே விளங்கும்.

வடிகட்டி இல்லாத நாட்கள்

தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் ஒருவழிப் பயணம் செய்தது. சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து, உராயும் இடங்களை நனைத்து, பிறகு எரிந்தோ சாலையில் சிந்தியோ போய்விடும். திரும்பி வராத எண்ணெய்க்கு வடிகட்டி எதற்கு? நம் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களை நினைத்துப் பாருங்கள். பெட்ரோலோடு கலந்து ஊற்றிய எண்ணெய், நீலப் புகையாகப் பின்னால் வெளியேறியது. அவற்றில் எஞ்சின் எண்ணெய் வடிகட்டி என்று தேடினாலும் கிடைக்காது.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடத் தொடங்கியபோதுதான் தொல்லை பிறந்தது. 1908 முதல் 1927 வரை கோடிக்கும் மேலாகச் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் 'டி' காரில் எண்ணெய் பம்ப் கூடக் கிடையாது. சுழலும் பறிசக்கரம் எண்ணெயை வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி புனல் ஒன்றில் விழுந்து, குழாய் வழியே எஞ்சினின் முன்பக்கம் ஓடும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்நாளைய சாலைகளோ மண் சாலைகள். காற்றோடு புழுதி உள்ளே போனது. எரிந்த பெட்ரோலின் கரி, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கியது. உராய்வில் தேய்ந்த உலோகத் துகள்கள் அதோடு சேர்ந்தன. இவை போதாவென்று நீரும் சேர்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் ஒரு சிறு பகுதி எண்ணெயோடு கலந்து, சேறுபோல் அடியில் படியும்.

இதற்கு அன்றிருந்த மருந்து ஒன்றே: சில நூறு மைல்களுக்கு ஒரு முறை எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது.

சர்க்கரைப் பாகும் எஞ்சின் எண்ணெயும்

வேதித் தொழில் நூல்களில் 'ஸ்வீட்லாந்து வடிகட்டி' என்ற பெயரை மாணவர்கள் சிலர் படித்திருக்கலாம். சர்க்கரைப் பாகு போன்ற நீர்மங்களை அழுத்தத்தில் வடிக்கும் பெரிய ஆலைக்கருவி அது. அதை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து, அதே அறிவைக் காருக்குக் கொண்டுவந்தார். அவரும் ஜார்ஜ் கிரீன்ஹால்ஜ் என்பவரும் 1920களின் தொடக்கத்தில் உருவாக்கிய எண்ணெய் வடிகட்டிக்குப் 'பியூரொலேட்டர்' என்று பெயர். 'இனி எண்ணெய் தூய்மை' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. 1924இல் வெளிவந்த கிறைஸ்லர் 'சிக்ஸ்' கார் இந்த வடிகட்டியோடு விற்பனைக்கு வந்தது.

இந்த வடிகட்டி எஞ்சினில் எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்; கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பம்ப் தள்ளிய எண்ணெய் முழுவதும் வடிகட்டி வழியே போகவில்லை. பெரும்பகுதி நேரே பேரிங்குகளுக்குப் போனது. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கிளைவழியில் பிரிந்து, வடிகட்டிக்குள் புகுந்து, மீண்டும் அடித்தொட்டிக்கு வந்தது. ஊர்க் குளத்திலிருந்து பத்துக் குடத்துக்கு ஒரு குடம் வடித்து, அதைக் குளத்திலேயே திரும்ப ஊற்றுவதுபோல. பொறுமையாகச் செய்தால் குளம் தெளியும். ஆனால் இதற்கிடையில் ஒருவர் மொள்ளும் குடம் தெளிந்த நீராக இருக்குமென்று உறுதியில்லை.

கிளைவழி வடிகட்டியில் ஒரு வசதி உண்டு. மெல்ல வடித்தால் போதுமென்பதால், வடிக்கும் பொருளை நெருக்கமாகத் திணிக்கலாம். முதலில் துணி பயன்பட்டது. பின்னர் நூலும் கழிவுப் பஞ்சும் வந்தன. 1939இல் தொடங்கப்பட்ட 'விக்ஸ்' வடிகட்டி நிறுவனம் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கஸ்டோனியா என்ற ஊரில் பிறந்ததில் வியப்பில்லை. அது நூல் மில்களின் ஊர். கோவையில் ஒருவர் வடிகட்டி செய்யத் தொடங்கியிருந்தால் எதை எடுத்துத் திணித்திருப்பாரோ அதையே அவர்களும் திணித்தார்கள்!

இந்த அடர்ந்த பஞ்சு கரியைக்கூடப் பிடித்தது. எண்ணெய் நிறம் தெளிந்திருப்பதைக் கண்ட மக்கள், 'வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதும், எண்ணெய்க்கு அழிவில்லை' என்று நம்பத் தொடங்கினார்கள். அந்த நம்பிக்கையின் உச்சம் 'ஃபிரான்ட்ஸ்' என்ற வடிகட்டி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் விற்ற இந்தக் கருவிக்குள் கழிப்பறைத் தாள் சுருள் ஒன்றை அப்படியே வைத்து மூடுவார்கள். சிரிக்காதீர்கள், அது நன்றாகவே வடித்தது. சுருளை மாற்றும்போதெல்லாம் அது உறிஞ்சிய எண்ணெய்க்கு ஈடாக ஏறக்குறைய ஒரு லிட்டர் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெயையே மாற்றுவதில்லை என்று பெருமை பேசியவர்கள், தாங்கள் அறியாமலே தவணை முறையில் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தவணை இல்லாமல் இருந்திருந்தால்? வடிகட்டி என்பது உருவ அளவு பார்த்துப் பிடிக்கும் காவலாளி. உப்பு நீரைத் துணியில் வடித்தால் உப்பு நிற்குமா? எண்ணெயில் கரைந்துவிட்ட அமிலமும் பெட்ரோலும் அப்படித்தான். எந்தப் பஞ்சிலும் தாளிலும் நிற்பதில்லை. எண்ணெய் பழையதாவது ஒரு வழி. வடிகட்டி நிரம்புவது வேறு வழி. ஒரே எஞ்சினில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் கறுத்த கதை

1930களில் கேட்டர்பில்லர் டிராக்டர்களின் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்கள் கரிப்பிசினில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. அதற்கு மருந்தாக, 1935 அளவில் எண்ணெயோடு ஒருவகைச் சோப்புப் போன்ற வேதிப்பொருள் சேர்க்கப்பட்டது. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் 'டெலோ' எண்ணெய் அவ்வாறு வந்ததே. சோப்பு அழுக்கைத் துணியிலிருந்து பிரித்து நீரில் மிதக்கவிடுவதுபோல, இச்சேர்மம் கரித்துகள்களைத் தனித்தனியே பிரித்து எண்ணெயில் மிதக்கவிடுகிறது. உலோகத்தில் ஒட்டவிடுவதில்லை, ஒன்றோடொன்று கட்டியாகச் சேரவிடுவதும் இல்லை.

இதன் விளைவு இரண்டு. எண்ணெய் விரைவில் கறுத்தது. 'கறுத்துவிட்டது, கெட்டுவிட்டது' என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அது அடையாளம். இரண்டாவது விளைவுதான் நமக்கு வேண்டியது. பிரிந்து மிதக்கும் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரான். இவ்வளவு நுண்ணிய கரியைச் சாதாரண வடிகட்டி பிடிக்காது. பிடிக்க வேண்டியதும் இல்லை. எண்ணெயை வடித்துக் கொட்டும்போது கரியும் அதோடு போய்விடுகிறது. கரியை வெளியேற்றும் பொறுப்பு வடிகட்டியிடமிருந்து எண்ணெய் மாற்றத்துக்குக் கைமாறியது.

அதே காலத்தில் வடிகட்டியின் இடமும் மாறியது. பம்ப் தள்ளும் எண்ணெய் முழுவதும் முதலில் வடிகட்டியில் நுழைந்து, பிறகே பேரிங்குகளுக்குப் போகும் 'முழுப்பாய்வு' முறை 1940களிலும் 50களிலும் பரவியது. நிமிடத்துக்குப் பல லிட்டர் பாய வேண்டும். திணித்த பஞ்சு இதற்கு ஆகாது. எனவே பிசினில் தோய்த்து இறுக்கிய தாளை விசிறிபோல் மடித்து வைத்தார்கள். சிறிய உருளைக்குள் பெரும்பரப்பு கிடைத்தது. 1954இல் விக்ஸ் நிறுவனம் கையால் திருகிப் பொருத்தும் தகர டப்பா வடிகட்டியைக் கொண்டுவந்தது. இன்று நீங்கள் காண்பது அதன் வழித்தோன்றலே. ஆனாலும் எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. 1955இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற செவர்லே வி-8 எஞ்சினின் உடலில் வடிகட்டி பொருத்த இடமே விடப்படவில்லை. வேண்டுவோர் கூடுதல் விலை கொடுத்துக் கிளைவழி வடிகட்டியை மாட்டிக்கொண்டார்கள். மறு ஆண்டுதான் இடம் ஒதுக்கினார்கள். ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' காரோ பல பத்தாண்டுகள் வெறும் கம்பிவலைச் சல்லடையோடு ஓடியது. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றும்போது அந்த வலையைக் கழற்றிக் கழுவி மாட்டுவார்கள்.

பாதி நிரம்பிய வடிகட்டி

முழுப்பாய்வு வடிகட்டி அடைத்துக்கொண்டால் பேரிங்குக்கு எண்ணெயே கிடைக்காது. சில நொடிகளில் எஞ்சின் பாழ். அதைத் தடுக்க ஒரு சிறு வால்வு வைத்தார்கள். வடிகட்டியின் இருபுறத்துக்கும் அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அளவை நெருங்கினால் வால்வு திறக்கும். எண்ணெய் வடியாமலே உள்ளே போகும். எண்ணெய் இல்லாமலிருப்பதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. ஆனால் வால்வு திறந்திருப்பதை உங்களுக்கு அறிவிக்க விளக்கு எதுவும் எரிவதில்லை.

இங்கே படிப்பவர் எதிர்பாராத ஒன்று வருகிறது. புதிய வடிகட்டி சிறப்பாக வடிக்கும், பழையது மோசமாக வடிக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. புதிய தாளின் துளைகள் முழு அகலத்தில் திறந்திருக்கும். துகள்கள் சேரச் சேரத் துளைகள் குறுகும். படிந்த அழுக்கே மேலும் நுண்ணிய வடிகட்டியாக வேலை செய்யும். காப்பி வடிகட்டியில் தூள் படிந்தபின் டிகாஷன் தெளிவாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே! ஆகவே பாதி ஆயுள் கழிந்த வடிகட்டி, புதியதைவிட நன்றாக வடிக்கிறது. முழுதும் நிரம்பி வால்வு திறக்கும்வரைதான் இந்த நன்மை. அதற்குப் பிறகு அது வெறும் டப்பா.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1970களின் அமெரிக்கக் கார்க் கையேடுகளைப் பாருங்கள். பலவற்றில் ஒரே வகைக் கட்டளை: முதல் எண்ணெய் மாற்றத்தில் வடிகட்டியை மாற்றவும், அதன்பின் ஒரு முறை விட்டு ஒரு முறை மாற்றவும். முதல் முறை மட்டும் ஏன் கட்டாயம்? புதிய எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உலோகத் துகள்கள் மிகுதியாக உதிர்கின்றன. பழகியபின் உதிர்வது குறைவு. ஹோண்டா நிறுவனமும் பின்னாளில் இதே வழியைப் பின்பற்றியது. அதன் கார்களில் எண்ணெய் மட்டும் மாற்றுவதற்கு 'ஏ' என்றும், வடிகட்டியையும் சேர்த்து மாற்றுவதற்கு 'பி' என்றும் கருவிப்பலகையிலேயே தனித்தனிக் குறிகள் தோன்றும். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வேதிப்பொருள் தீர்ந்த எண்ணெயை வெளியேற்று, இன்னும் இடமுள்ள வடிகட்டியை வைத்துக்கொள் என்பது இரண்டு கடிகாரங்களையும் தனித்தனியே படித்தவர்களின் விடை.

எதிர்வாதமும் வலுவானதே. பழைய வடிகட்டிக்குள் கால் லிட்டர் அளவு பழைய எண்ணெய் தங்கிவிடும். நான்கு லிட்டர் கொள்ளும் எஞ்சினில் அது ஆறு விழுக்காடு. இது ஒன்றும் நஞ்சன்று. வேறு இடுக்குகளிலும் பழைய எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. பெரிய கவலை துகள்தான். பேரிங்கில் உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிப்பே உடையது. படலத்தின் தடிப்பை ஒத்த துகள் இரண்டு பக்கமும் உரசி மிகுந்த தேய்வை உண்டாக்குகிறது. 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், 40 மைக்ரான் வடிகட்டியோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் வடிகட்டி எஞ்சின் தேய்வைப் பாதியாகக் குறைத்தது. 15 மைக்ரான் வடிகட்டி 70 விழுக்காடு குறைத்தது. அப்படியானால் வால்வு திறந்து எதுவுமே வடியாத நிலை எவ்வளவு பெரிய இழப்பு!

கழுவலாமா?

நம் ஊரில் 'மறுபடி பயன்படுத்துவது' என்றால் இன்னொரு பொருளும் உண்டு: கழுவிப் போடுவது. நடுத்தண்டுத் திருகைக் கழற்றி, கிண்ணத்துக்குள்ளிருந்து 'எலிமெண்ட்'டை எடுக்கும் பழைய வகை எஞ்சின்களில், தாள் எலிமெண்ட்டை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசி, காற்றடித்து, மறுபடி பொருத்துவதுண்டு. இதைச் செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். அலசும்போது வெளிப்புறத்து அழுக்கு உட்புறத்துக்கு, அதாவது பேரிங்குக்குப் போகும் பக்கத்துக்குச் சென்றுவிடுகிறது. காற்றடிக்கும்போது தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழலாம். கிழிந்த வடிகட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். இருப்பதாக நம்மை நம்பவைப்பதால் இன்னும் கேடு.

கழுவுவதற்கென்றே செய்தவையும் உண்டு. பீட்டிலின் கம்பிவலையைச் சொன்னேன். இந்தியாவில் 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 மோட்டார் சைக்கிளில் தாள் வடிகட்டியே கிடையாது. கிராங்க் தண்டின் முனையில் ஒரு சிறு கிண்ணம் தண்டோடு சேர்ந்து சுழலும். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தைப் போல, கனமான துகள்களை அது ஓரத்துக்குத் தள்ளிச் சுவரில் ஒட்டவைக்கும். திறந்து வழித்தெடுத்தால் புதிதுபோல் ஆகிவிடும். அடைத்துக்கொள்ளும் தாளும் இல்லை, தூக்கி எறியும் டப்பாவும் இல்லை. எளிய வண்டிக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

இனி உங்கள் மெக்கானிக்குக்கு வருவோம். உங்கள் கையேடு ஒரு முறை விட்டு மாற்றச் சொன்னால், அதன்படி விடுவதில் தவறில்லை. கையேடு ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்ல, நீங்கள் எண்ணெயை மட்டும் அதன் தவணைக்கு முன்பே, 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றுகிறவரானால், நல்ல பெட்ரோல் எஞ்சினில் வடிகட்டி இரண்டு தவணை தாங்கும் என்பதே என் கருத்து. ஆனால் இன்று பல கார்களுக்கு எண்ணெய்த் தவணையே 10,000 கிலோமீட்டர், அதற்கும் மேல். அங்கே வடிகட்டியை விட்டுவைத்தால் அது 20,000 கிலோமீட்டர் உழைக்க வேண்டும். அதற்கென்று அளவெடுத்துச் செய்யப்படாத தாளை அப்படி நம்ப முடியாது. டீசல் எஞ்சினிலும், புழுதிச் சாலையிலும், நின்று நின்று ஓடும் நகர ஓட்டத்திலும் இந்தச் சலுகையே வேண்டாம். நீண்டநாள் வெப்பத்தில் கிடந்த வடிகட்டியின் ரப்பர் வளையமும், எண்ணெய் பின்னோக்கி வடியாமல் காக்கும் ரப்பர் தடுப்பும் விறைத்துப்போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீணாகும் தகரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு வேறு வழி கிடைத்தது. 1990களிலிருந்து ஜெர்மன் கார்கள் பலவும் பழைய முறைக்கே திரும்பின; கூடு எஞ்சினோடு நிலையாக இருக்க, உள்ளிருக்கும் தாள் மட்டும் மாறுகிறது.

வடிகட்டியைக் கழற்றாமல் விடுவதில் இன்னோர் இழப்பும் உண்டு. அதை உணர்ந்தவர்கள் சிறு விமானங்களைப் பராமரிப்பவர்கள். லைகமிங் நிறுவனத்தின் பிஸ்டன் எஞ்சின்களில், வெறும் கம்பிவலை மட்டும் இருந்தால் 25 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறையும், முழுப்பாய்வு வடிகட்டி இருந்தால் 50 மணிக்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்ற வேண்டும். பறக்காமல் நின்றாலும் நான்கு மாதத்துக்கு மேல் விடக்கூடாது. வடிகட்டியும் ஒவ்வொரு முறையும் மாறும். ஆனால் கழற்றியதைக் குப்பையில் போடுவதில்லை. டப்பாவைத் தனிக் கருவியால் வட்டமாக அறுத்து, உள்ளே மடித்திருக்கும் தாளை வெட்டியெடுத்து, பிழிந்து, மேசைமேல் நீளமாக விரிப்பார்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பார்ப்பார்கள். கறுப்பாகத் தெரிவது கரி. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் பளபளப்பது அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். ஓரிரண்டு துகள் என்றால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒப்பிடுவார்கள். கரண்டியால் அள்ளும் அளவுக்கு இருந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது.